ஊரிலிருந்து வந்த அல்வா

“…அதைத்தான் நானும் கேக்கேன். மூணு வாரம் ஊர்ல இருந்துட்டு வாரவரு அல்வா இல்லாமயா வருவாரு? வெறுங்கைய வீசிட்டு வர அவரு என்ன பக்கத்துல இருக்க குர்லாவுக்கா போயிட்டு வாராரு?”

எதிர்வீட்டுப் பெரியம்மா குழாயடியில் குடத்தை நிமிர்த்திக்கொண்டே இப்படிக் கேட்டபோது அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை இழுத்துக் கட்டி நிறுத்தியிருந்தாள் என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. “கொண்டாராம இருப்பாவளாக்கா? நாளைக்கு வந்துருவாவ, கொடுத்து விடுதேன்,” என்றாள்.

சித்தப்பா நாளைக்கு வருவது உண்மை. ஊரிலிருந்து என்பதுதான் பொய்.

சித்தப்பா தாராவியில் ஒரு தோல் பட்டறையில் கைப்பை தைத்துக்கொண்டிருந்தார். வாய் ஓயாமல் பேசுகிறவர். அந்த வருஷத்து மழைக்காலத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சோற்றைப் பிசைவார், பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. கண்ணேறு என்று உப்பு சுற்றிப் போட்டார்கள். தர்காவில் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். செய்வினையாக இருக்கும் என்று ஒருவர் சொன்னதற்கு, “மெனக்கெட்டுச் செய்வினை வைக்கிற அளவுக்கு இவன்கிட்ட என்ன இருக்கு?” என்று அப்பா கேட்டார். கடைசியில் தெருமுனை கிளினிக்கின் மராட்டி டாக்டர்தான் ஒரு சீட்டு எழுதி, பெரிய ஆஸ்பத்திரியில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற வார்டுக்கு அனுப்பி வைத்தார்.

“ஆஸ்பத்திரின்னு சொன்னா எந்த வார்டும்பாவ. ஊருக்குப் போயிருக்கான்னு சொன்னா ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான்,” என்றார் அப்பா. அவர் சொன்னதும் சரிதான். பம்பாய்க்கு வந்த திருநெல்வேலிக்காரர்களுக்கு ஊர் என்பது ரொம்ப வசதியான இடம். வேலை போனவன் ஊருக்குப் போயிருப்பான். மாமியாரோடு முறுக்கிக்கொண்டவள் ஊருக்குப் போயிருப்பாள். போனவர் என்ன கொண்டுவந்தார் என்பதைத் தவிர வேறு எதையும் யாரும் கேட்பதில்லை.

இவ்வளவு ஒளிவுமறைவும் அத்தைக்காக. அப்பாவின் தங்கை. எதிர்வீட்டுப் பெரியம்மாவின் அண்ணன் பம்பாயின் இன்னொரு மூலையான பாண்டுப்பில் இருந்தார்; அவர் மகனுக்கு அவளைப் பேசி முடித்து, வரும் ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் என்று வைத்திருந்தார்கள். ‘கிறுக்குப் பிடிச்ச குடும்பம்’ என்று ஒரு சொல் எங்கள் சந்துக்கு வெளியே போனால் போதும், பாண்டுப்புக்கு அது ரயிலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

“ஆயிரம் பொய்யச் சொல்லி ஒரு கல்யாணத்த நடத்துன்னு இருக்கு. நாம ஒண்ணே ஒண்ணுதான சொல்லுதோம்,” என்றாள் அம்மா. மூன்றாம் வகுப்புப் படித்த நான் அந்த ஒன்றை மூன்று வாரமும் விடாமல் சொன்னேன். கேட்டவர்களிடம், “சித்தப்பா ஊருக்குப் போயிருக்காரு,” என்று தமிழில் சொன்னேன், கேட்காதவர்களிடம், “சாச்சா காவ் கயா,” என்று இந்தியில் சொன்னேன்.

ஆனால் பொய்க்கும் பசிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அது அல்வா கேட்டது.

அப்பா அன்று சாயங்காலமே தொண்ணூறடி ரோட்டில் நம்மாட்கள் கடையில் இரண்டு கிலோ வாங்கி வந்தார். டப்பாவின் மேல் கடையின் பம்பாய் போன் நம்பர் பெரிதாக அச்சடித்திருந்தது. “இத அப்படியே கொடுத்தா குட்டு ஒடஞ்சிரும்,” என்ற அம்மா, பிரித்துத் துண்டு போட்டு, ஊர்ச் சரக்கு போலக் காகிதத்தில் மடித்துவிடலாம் என்று முடிவு செய்தாள். எங்கள் வீட்டில் கிடந்தது இங்கிலீஷ் பேப்பர். தமிழ்ப் பேப்பர் வாங்கிவர சலூனுக்கு என்னை ஓட விட்டாள். சலூன் அண்ணன் முந்தின நாள் பேப்பரை முழுசாகக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் அப்பா சித்தப்பாவை ஒரு பெரிய சூட்கேஸோடு டாக்ஸியில் கொண்டுவந்து இறக்கினார். “வண்டி எட்டு மணி நேரம் லேட்டு,” என்று யாரும் கேட்காமலே சந்துக்குச் சொன்னார். பெரியம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “ஊர்ச் சோறு நல்லா ஒட்டியிருக்கே, தம்பி ஒரு சுத்து பெருத்துட்டாரு,” என்றாள். அது மாத்திரை போட்ட சதை.

நானும் அம்மாவும் தரையில் உட்கார்ந்து பொட்டலம் கட்டினோம். அம்மா ஊரில் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எனக்கு இந்தி எழுத்தும் இங்கிலீஷ் எழுத்தும்தான் தெரியும். தமிழ் எங்கள் இரண்டு பேருக்கும் காதுக்கும் வாய்க்குமான பாஷை. வீட்டில் பேப்பர் வாசிக்கத் தெரிந்தவர் சித்தப்பா ஒருவர்தான். அவர் கட்டிலில் சாய்ந்தபடி ஒரு பொட்டலத்தை எடுத்தார். மேலே இருந்ததை நிதானமாக வாசித்தார். என்னைப் பார்த்தார். பிறகு, ஓரத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கி மடித்து, “இத எதிர்வீட்டுக்குக் குடு,” என்று என் கையில் தந்தார். நான் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. பெரியம்மா உள்ளே வந்தாள். வந்தவள் கதவைச் சாத்தினாள். எங்கள் சந்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை, திரை மட்டும்தான் தொங்கும். கதவு சாத்தினால் ஒன்று சாவு, இல்லை சண்டை.

அவள் கையில் எண்ணெய் ஊறிய அந்தக் காகிதம் இருந்தது. விரித்துப் பிடித்து வாசித்தாள். “‘குழாய் பழுது காரணமாக, செவ்வாய்க்கிழமை தாராவியில் தண்ணீர் வராது.’ ஏட்டி, தாராவில தண்ணி வராதுன்னு திருநெல்வேலிக்காரன் எதுக்குப் பேப்பர்ல போடுதான்?”

பம்பாயிலும் தமிழ்ப் பேப்பர் அச்சடிக்கிறார்கள் என்பது எனக்கோ அப்பா அம்மாவுக்கோ தோன்றவில்லை.

“கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கும்பாவ. ஒங்க அல்வாப் புளுகு மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்கலையே!”

அப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். தடுப்புக்குப் பின்னால் அத்தையின் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. சித்தப்பாதான் எழுந்து உட்கார்ந்தார்.

“நான் ஆஸ்பத்திரில இருந்தேன்க்கா. மனசு சரியில்லாம. அல்வா நல்லா இருந்துச்சா?”

பெரியம்மா கத்துவாள் என்று காதைப் பொத்தத் தயாராக இருந்தேன். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“தூக்கம் வருதா?”

“வருதுக்கா.”

“சோறு எறங்குதா?”

“எறங்குது.”

“கட்டிப் போடுவாவளாமே?”

சித்தப்பா இரண்டு மணிக்கட்டையும் திருப்பிக் காட்டினார். “அதெல்லாம் இல்லக்கா. பேசச் சொல்லுதாவ. மாத்திரை தாராவ. வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்காவ.”

பெரியம்மா காகிதத்தை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள். “பொம்பளப் பிள்ளையளயும் பாப்பாவளா?” என்றாள்.

அம்மா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். பெரியம்மாவின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், எட்டு மாதமாக வெளியே வரவில்லை. பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வாசலைத் தாண்டும்போது நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வோம். எட்டு மாதம் படித்தும் தீராத பரீட்சை என்றால் எவ்வளவு பெரிய வேலை கிடைக்கும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

“பாப்பாவக்கா. நானே கூட வாரேன்,” என்றார் சித்தப்பா.

“பாண்டுப்புக்கு…” என்று அப்பா இழுத்தார்.

“எங்க அண்ணன்ட்ட நான் சொல்லுதேன். உள்ளதச் சொல்லித்தான் கேப்பேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத் தெரியும்னு சும்மாவா சொன்னான்?”

அவள் என்ன சொன்னாளோ, நிச்சயம் அந்த ஞாயிற்றுக்கிழமையே நடந்தது. பாண்டுப்புக்காரர்கள் சித்தப்பாவிடம், “ஒடம்பு எப்படி இருக்கு?” என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து. இப்போது அத்தையின் பிள்ளைகள் அவர் தோளை விட்டு இறங்குவதில்லை.

அதெல்லாம் பிறகு. அன்று பெரியம்மா எழுந்து எங்கள் கதவை அகலத் திறந்தாள். நேரே தன் வீட்டுக்குப் போனாள். வாசல் திரையை அள்ளி மேலே முடிச்சுப் போட்டாள். ஸ்டூலை எடுத்து வெளியே போட்டாள். உள்ளே போய், சீப்பைப் பல்லில் கவ்விக்கொண்டு, அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அதில் உட்கார வைத்தாள். மழை விட்டிருந்த வெளிச்சத்தில் அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

குடத்தோடு போன ஒருத்தி நின்று, “என்னக்கா, பரீட்சை முடிஞ்சிட்டா?” என்று கேட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்கா பாஸாகிவிட்டாள், அந்தச் சந்தோஷத்தில்தான் என் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைக்கிறாள் என்று.

பெரியம்மா பல்லில் கவ்வியிருந்த சீப்பைக் கையில் எடுத்தாள்.

“பரீட்சையெல்லாம் ஒண்ணும் இல்ல. பிள்ளைக்கு மனசு சரியில்ல. வியாழக்கிழமை டாக்டர்ட்ட காட்டப் போறோம்,” என்று சந்து முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, மகளின் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்து, எட்டு மாதச் சிக்கை நுனியிலிருந்து எடுக்க ஆரம்பித்தாள்.