அவள் பேரில் நேர்ந்த சட்டி

கரண்டு என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சு வைத்து முடித்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. தொண்டையில் இருந்த புற்றுநோய் போனதோ இல்லையோ, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மதுரைக்குச் செக்கப்புக்குப் போகும் நாளில் என் தைரியம் போய்விடும். அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். நாற்பது பேரை அதட்டுகிறவன், நர்ஸ் என் பேரைக் கூப்பிட்டால் பள்ளிப் பிள்ளை மாதிரி எழுந்து நிற்பேன்.

அன்றைக்கு டாக்டர் மூக்கு வழியாகக் கேமராக் குழாயை விட்டார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பக்கத்து அறை டாக்டரைக் கூப்பிட்டு, "இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார்.

முடிஞ்சது சோலி என்று நினைத்தேன். குழாய் உள்ளே இருக்கையில் கத்தவும் முடியாது. மனசுக்குள் இருக்கன்குடி மாரியம்மனைக் கூப்பிட்டேன். 'ஆத்தா, ஒண்ணும் இல்லைன்னு சொல்ல வையி, உனக்கு அக்கினிச் சட்டி!' சொன்ன பிறகுதான் உறைத்தது. உள்ளே வருகிறவர்களின் தீப்பெட்டியைக் கம்பெனிக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிற தொழிலில் இருபத்தைந்து வருஷமாக இருக்கிறவன் நான். எரிகிற சட்டியைக் கையில் ஏந்துவதை நினைத்ததுமே உடம்பு கூசியது. உயிர் போகிற அவசரத்திலும் புத்தி மட்டும் சுறுசுறுப்பாக வேலை செய்தது. 'என் பொண்டாட்டி எடுப்பா, ஆத்தா.'

டாக்டர் குழாயை உருவினார். "நல்லா ஆறியிருக்கு. அதைக் காட்டத்தான் இவரைக் கூப்பிட்டேன்."

வெளியே என் பைலை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள் என் பொண்டாட்டி, முட்டிவலிக்காரி. நல்ல சேதியை உடனே சொன்னேன். மற்றதைச் சொல்ல, பஸ் விருதுநகரைத் தாண்ட வேண்டியிருந்தது.

"ஏ புள்ள, ஆத்தாளுக்குச் சட்டி நேந்துகிட்டேன்."

"நல்லதுதான். உங்க கை தாங்குமா?"

"என் பேருல இல்ல. உன் பேருல."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"மூக்குல குழாய வச்சுக்கிட்டு எங்கன கேக்க?"

எப்போதும் சிரிக்கிறவள் சிரிக்கவில்லை. நானே எடுக்கிறேன் என்றேன். அதை நானே நம்பவில்லை.

"ஆத்தாகிட்டப் பேச்சு மாத்துவீகளோ? விடுங்க. உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னுட்டாக, அம்புட்டுப் போதும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆடி வெள்ளியன்று இருக்கன்குடியில், அடியில் வேப்பிலை சுற்றிய சட்டியை ஏந்தி நொண்டி நொண்டி நடந்தாள். பக்கத்தில் நடந்து வந்த யாரோ ஒரு அம்மா கேட்டார், "யாருக்குத் தாயி வேண்டுதல்?"

"எங்க வீட்டுக்காரருக்கு. பொழச்சு வந்துட்டாக!"

"அவுக எங்க, காணோம்?"

அவள் பெருமையோடு திரும்பித் தேடினாள். தீப்பொறி வந்து விழாத தூரத்தில், யார் வீட்டுக்காரனோ மாதிரி நடந்துகொண்டிருந்தேன் நான்.