சுடாத ரிவால்வர்கள்

இலங்கையின் றக்வானைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரைக்குப் பானை வயிறு, குச்சிக் கால்கள். பழைய போர்களின் நினைவாக வெளியிடப்பட்ட, பொன்பூ வேலை செய்த ரிவால்வர்களைச் சேர்ப்பார். ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியின் பின்புறக் குதிரையைப் பெருவிரலால் இழுத்துவிட்டுச் சுடும் ரகம். தோட்டாக்களும் வைத்திருந்தார். ஆனால் ஒருபோதும் சுட்டதில்லை, துடைப்பதோடு சரி.

ஒருநாள் அவர் அப்படித் துடைத்துக்கொண்டிருந்தபோது, காட்டுப்பன்றி ஒன்று பங்களாவுக்குள் புகுந்தது. தோட்டத்துக் கிளாக்கரான நான் மூலையில் மாட்டிக்கொண்டேன்.

"சுடுங்க தொரை!" என்று அலறினேன்.

"சுட்டா இதோட மதிப்பு போயிரும்யா!"

ரிவால்வரை வெல்வெட் பெட்டியில் பத்திரமாக வைத்து மூடினார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எனக்கும் பன்றிக்கும் நடுவே பாய்ந்தார். பன்றி அவர் தொடையைக் கிழித்துவிட்டு ஓடியது.

எனக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்த மனிதருக்கு, ஒரு தோட்டாவைக் கொடுக்க ஏன் மனம் வரவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.