பதினேழு டிகிரியில் ஏழாவது பாட்டு

2024 பிப்ரவரி 10, சனிக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். வாசல் வெப்பமானியில் இருபத்திரண்டு டிகிரி, நாட்குறிப்பில் எழுதினேன். உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளித்தேன். பிறகு வழக்கமாகப் பத்து நிமிடம் கீழ் ஸ்தாயியில் நின்று ‘ஸா’ பிடிப்பேன். அன்று இரண்டு நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டேன். குரலைச் செலவழிக்க மனம் வரவில்லை. காப்பி, மாத்திரை, இரண்டு பேருக்கு உப்புமா. கணவர் ஹாலில் உட்கார்ந்து, நான் எழுதிக் கொடுத்த பதினான்கு பொருள் பட்டியலைப் பார்த்து ஆஸ்பத்திரிப் பையை அடுக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் ஞாயிறு மாலை சேலத்தில் அட்மிஷன். திங்கள் காலை தைராய்டு ஆபரேஷன்.

“குரல் நரம்பு அந்தக் கட்டிக்குப் பக்கத்துலயே ஓடுது. பாத்துத்தான் எடுப்போம். ஆனா பழைய குரல் அப்படியே இருக்கும்னு எழுதிக் குடுக்க மாட்டேன்” என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதையும் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன்.

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். பத்தொன்பது வருடம் கள்ளக்குறிச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் குழல் வாசித்தேன், கோரஸ் பாடினேன். கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம். எல்லாம் மற்றவர்களுடைய பாட்டு. ஊரடங்கில் குழு கலைந்த பிறகு, பழைய சிந்தசைசர் ஒன்றையும் லேப்டாப்பையும் வைத்துக்கொண்டு என் பாட்டுகளைச் செய்ய ஆரம்பித்தேன். கரும்பாலையின் அடித்தொண்டை உறுமலைப் போனில் பிடித்து அதைத் தாளமாக்கினேன். ஞாயிறு பூசையில் பாடிப் பழகிய நான்கு குரல் அடுக்கை நானே நான்கு தடவை பாடி ஒன்றின்மேல் ஒன்று வைத்தேன். அதற்கு மேல் குழல். இணையத்தில் ஏற்றப் போனபோது எந்த வகை இசை என்று படிவம் கேட்டது. பட்டியலில் தேடித்தேடி ‘கோதிக்’ என்பதையும் ‘எலக்ட்ரானிக்’ என்பதையும் குறித்தேன். எங்கள் மாதா கோவிலின் கூர்நுனி ஜன்னல்களுக்கும் கோதிக் என்றுதான் பெயர் என்று பங்குச் சாமியார் ஒருமுறை சொல்லியிருந்தார். அந்த ஜன்னல்களின் கீழ் உட்கார்ந்து வளர்ந்தவள் என்பதால் அந்தச் சொல் எனக்கு அந்நியமாக இல்லை.

ஏழு பாட்டுகள் கொண்ட தொகுப்பு. என் பெயரில் மட்டும் வரப்போகும் முதல் பதிவு. ஆறு முடிந்துவிட்டது. ஏழாவதுக்கு இன்னும் குரல் பாடவில்லை. கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து, உள்ளே படுத்திருக்கும் ஒருத்தி பாடுவது அது. ஐந்து நிமிடம் நாற்பது விநாடி. பாதி குரல், பாதி குழல், இரண்டும் மாறிமாறி வரும். நடுவில் வெட்டி ஒட்டக் கூடாது என்பது நானே வைத்துக்கொண்ட விதி.

எங்கள் வீடு சேலம் ரோட்டை ஒட்டி. முகூர்த்த சீசனில் நாலாபக்கமும் ஸ்பீக்கர். இல்லாவிட்டால் கரும்பு லாரி. அதனால்தான் கல்வராயன் மலைக்குப் போவது என்று முடிவானது. பதிவு செய்கிறவர், குழுவில் என்னோடு கீபோர்டு வாசித்தவர். என்னைவிட ஆறு வயது இளையவர். வடக்கனந்தலில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் அவருக்குத் தெரிந்த வியாபாரியின் கடுக்காய் குடோன் இருந்தது. கூரை வரை மூட்டை அடுக்கிய அறையில் எதிரொலி கொஞ்சமும் இருக்காது என்று போன வாரமே கைதட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பகல் பன்னிரண்டு மணிக்கு லாரி வந்து மூட்டைகளை ஏற்றிவிடும். அதற்குள் முடிக்க வேண்டும்.

6.30க்கு அவருடைய ஆம்னி வேனில் கிளம்பினோம்.

“அக்கா, நேத்து ராத்திரி எம் பொண்டாட்டி இந்தப் பாட்டக் கேட்டா. பேய் வூட்டுக் கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கிட்டியான்னு கேக்கறா.”

“வாங்கியாச்சின்னு சொல்ல வேண்டியதுதானே.”

“சொன்னேன். அப்ப சாப்பாடு அங்கயே துன்னுட்டு வான்னுட்டா.”

நான் சிரித்தேன். சிரிப்புக்கும் குரல் செலவாகும் என்று உடனே தோன்றியது. கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க வாயை மூடிக்கொண்டு வந்தேன். மொத்தம் மூன்று தடவை முழுதாகப் பாடலாம் என்று கணக்கு வைத்திருந்தேன். அதற்கு மேல் பாடினால் மேல் ஸ்தாயி கரகரக்கும் என்பது ஒரு மாத நாட்குறிப்பிலிருந்து தெரிந்தது.

குடோனில் என் வயதையொத்த ஓர் அம்மா காவல். அந்த மலைக்காரர். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வெளியே இருக்க முடியுமா என்று கேட்டதற்கு, “மூட்டைக்கு நாந்தான் பதில் சொல்லணும். உள்ளதான் இருப்பேன். மூச்சுகூட வுடமாட்டேன், நீங்க பாடுங்க டீச்சரம்மா” என்றார். நான் பள்ளியில் வேலை பார்ப்பதைக் கீபோர்டுக்காரர் சொல்லியிருக்க வேண்டும்.

8.40. பைக்குள்ளிருந்து சின்ன வெப்பமானியை எடுத்துப் பார்த்தேன். பதினேழு டிகிரி. எழுதினேன். எழுதியவள் அதோடு நிறுத்திக்கொண்டேன். அதுதான் தவறு.

முதல் தடவை. ஹெட்போனில் இசை ஓடியது. அறையில் என் குரல் மட்டும். முதல் அடியை முடித்துக் குழலை எடுத்து ஊதினேன். சுருதி இறங்கியிருந்தது. கால் கட்டை இருக்கும். உதட்டை வளைத்து ஏற்றிப் பார்த்தேன், ஏறவில்லை. ஆனாலும் வெட்டக் கூடாது என்ற விதியினால் முட்டாள்தனமாகக் கடைசி வரை பாடித் தீர்த்தேன்.

“இன்னாக்கா இது? கொழலு இப்பிடி எறங்கிக்கினு போவுது. வேற கொழலு எடுத்தாந்துட்டீங்களா?”

அதே குழல்தான். பையில் இன்னும் எட்டு இருந்தன. ஆனால் இதற்கு அடுத்தது அரைக் கட்டை கூட. அது ஒரேயடியாக ஏறிவிடும்.

வெப்பமானியை மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் நான்தான் ஒத்ததிர்வுத் தம்பத்தை எடுத்து வைக்கிறேன். நீர் நிரப்பிய குழாய், இசைக்கவை, பக்கத்தில் ஒரு வெப்பமானி. காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறையும், குழாயின் சுருதி இறங்கும். அந்த அட்டவணையில் வெப்பநிலைக் கட்டத்தை நிரப்பாத பிள்ளையை நான் திருப்பி அனுப்புவேன். இந்தப் பாட்டின் இசையை நாங்கள் செய்தது என் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் அறையில், பகல் இரண்டு மணிக்கு, முப்பத்து மூன்று டிகிரியில். குழுவின் பழக்கப்படி கீபோர்டைத்தான் குழலுக்குச் சேர்த்தோம். குழலை முறுக்கிச் சுருதி சேர்க்க முடியாதல்லவா. ஆக, அந்த இசை மொத்தமும் முப்பத்து மூன்று டிகிரிக் குழலின் சுருதியில் இருந்தது. அதையும் கீபோர்டுக்காரர் ஒரே கோப்பாக்கித்தான் கொண்டுவந்திருந்தார். தனித்தனிப் பாகங்கள் இருந்தால் சுருதியை மாற்றிக்கொள்ளலாம்; அவை வடக்கனந்தலில், அவர் கடைக் கம்ப்யூட்டரில்.

“கொழல சூடு பண்ணிக்கலாமா?” என்றார்.

ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு சேர்த்து இருபது நிமிடம் வைத்திருந்தேன். இரண்டாவது தடவை. முதல் குழல் பகுதி சரியாக நின்றது. அடுத்த அடியைப் பாடும் வரை குழல் என் கையில் குளிர்ந்தது. இரண்டாம் பகுதியில் இறங்கிவிட்டது. முடித்தபோது 9.50. ஒரு தடவைதான் பாக்கி.

வெயிலுக்குக் காத்திருந்தால் லாரி வந்துவிடும். இறங்கிப் போய்க் கோப்புகளை எடுத்து வரலாம் என்றால் மூன்று மணி நேரம். மறுநாள் அட்மிஷன் என்பதால் இன்னொரு நாளும் கிடையாது.

அவர் லேப்டாப்பைத் திறந்தபடி யோசித்தார். “பேட்டரி வீக்கான டேப்பு மாதிரி ஓட்டிட்டா? வேகம் கம்மியானா சுருதியும் கம்மியாவும். எவ்ளோ கம்மி பண்ணணும், அத சொல்லுங்க.”

நாட்குறிப்பின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். முப்பத்து மூன்றிலிருந்து பதினேழு. “நூத்துக்கு ரெண்டரைக்கு மேல.”

ஓட்டிக் காட்டினார். ஊதிப் பார்த்தேன். இப்போது இசை குழலுக்குக் கீழே போய்விட்டது.

“ஜாஸ்தியாப் போச்சிக்கா.”

“கணக்கு சரிதான் தம்பி. ரெண்டு தடவ போட்டுட்டேன்.”

“கணக்கு பேப்பர்ல கரெக்டு. ஆனா கொழலுக்குள்ள இருக்கறது ரூம் காத்தா? நீங்க ஊதற மூச்சில்ல அது?”

 இரண்டு நிமிடம் சத்தமில்லாமல் குழலுக்குள் மூச்சு விட்டேன். வெப்பமானியின் நுனியை உள்ளே செருகி வைத்தேன். இருபத்து நான்கு. மறுபடி கணக்கு: நூற்றுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். நான் பென்சிலை எடுப்பதற்குள் அவர் காதை மட்டும் வைத்து ஒன்று புள்ளி ஏழில் நிறுத்தியிருந்தார். ஊதினேன். சேர்ந்தது.

ஆனால் நான் பாடும் நேரத்தில் குழல் குளிரக் கூடாது. கையில் வைத்திருந்தால் குளிரும். ஸ்வெட்டருக்குள் விட்டு எடுத்தால் மைக்கில் உரசல் கேட்கும்.

காவல் அம்மா எழுந்து பக்கத்தில் வந்தார். “எங்கிட்ட குடுங்க. கம்பளிக்குள்ள வெச்சிக்கறேன். கை நீட்டனா குடுக்கறேன். கோழிக்குஞ்சு வெச்சிருக்கறதில்லயா, அந்த மாதிரி.”

வேறு வழி இல்லை. இடது கையை நீட்டினால் கொடுக்க வேண்டும். ஊதி முடித்து நீட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று முறை. இரண்டு தடவை சத்தமில்லாமல் ஒத்திகை பார்த்தோம். கம்பளி உரசாமல் எடுத்துக் கொடுக்க அவருக்கு உடனே வந்துவிட்டது.

“எதப் பத்திப் பாட்டு?” என்று மெதுவாகக் கேட்டார். இரண்டு தடவையும் நான் குழல் சுருதியோடு மல்லுக்கட்டியதில் வார்த்தை அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது. செத்துப்போனவள் பாடுவது என்றேன்.

“யாரு, உங்க வூட்லயா?”

“இல்ல. சும்மா ஒருத்தி.”

“சும்மா எப்பிடி சாவா?” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

11.05. மூன்றாவது தடவை. தொண்டையில் அந்தக் கட்டி இருக்கும் இடத்தில் ஒரு இறுக்கம், விழுங்கினால் தெரியும். விழுங்கவில்லை. முதல் அடி. கை நீட்டினேன், வெதுவெதுப்பாகக் குழல் வந்தது. சுருதி நின்றது. எதிரே கீபோர்டுக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். இரண்டாவது முறையும் வந்தது. வெளியே தூரத்தில் ஒரு எஞ்சின் சத்தம் வளைவு ஏறுவது ஹெட்போனை மீறி மங்கலாகக் கேட்டது. லாரியாக இருக்குமோ என்று நினைத்தேன். அது விலகிப் போய்விட்டது.

மூன்றாவது அடிதான் கடைசி. ‘எல்லாரும் போயாச்சு, எரியுறது வத்தி மட்டும். நான் இங்கதான் இருக்கேன்.’ ‘இருக்கேன்’ என்பதில் எட்டு எண்ணிக்கை நின்று, குரல் அடங்கும் இடத்தில் குழல் அதே ஸ்வரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். நின்றேன். கை நீட்டினேன். எதுவும் வரவில்லை.

கண்ணைத் திருப்பிப் பார்த்தேன். அந்த அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கம்பளிக்கு வெளியே குழலின் நுனி மட்டும் தெரிந்தது. வாய் திறந்து கூப்பிட முடியாது. வாயில் ஸ்வரம் இருக்கிறது. ஸ்வரத்தை விட்டால் பாட்டு போச்சு. ஒன்பது, பத்து, பதினொன்று. கீபோர்டுக்காரர் எழுந்தால் அவர் உட்கார்ந்திருந்த பலகை கிறீச்சிடும். அவர் உட்கார்ந்தபடியே பக்கத்து மூட்டைக் கிழிசலில் விரலை விட்டு ஒரு கடுக்காயை எடுத்தார்; குறிபார்த்து எறிந்தார். அது கம்பளியில் சத்தமில்லாமல் விழுந்தது. பதினைந்து. அந்த அம்மா திடுக்கிட்டுக் கண் திறந்தார். பதினேழில் என் குரல் உடைந்தது. ஸ்வரம் போய் வெறும் காற்றாக வந்தது. அந்தக் காற்றையும் விடாமல் பிடித்திருந்தேன். பத்தொன்பதில் குழல் கைக்கு வந்தது. மூச்சு இழுக்கும் சத்தத்தோடு ஊதினேன். முடிந்தது.

கீபோர்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றினார்.

“மன்னிச்சிக்குங்க டீச்சரம்மா” என்றார் அந்த அம்மா. “அந்த செத்தவ பாடறதக் கேட்டுக்கினே இருந்துட்டேன். கொழலு எங்கிட்ட இருக்குதுன்னே மறந்துட்டேன்.”

 எனக்குப் பேசக் குரல் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு ‘ஸா’ என்று பார்த்தேன், பாதிதான் வந்தது. நாலாவது தடவை என்ற பேச்சுக்கு இடமில்லை. 11.40க்கே லாரி வந்துவிட்டது. மூட்டைகள் லாரிக்குப் போகப் போக அறை எங்கள் பேச்சைத் திருப்பித் தர ஆரம்பித்தது.

இறங்கும் வழியில் அவர் சொன்னார்: “கவலய வுடுங்கக்கா. மொத தடவ பாடனதுல ‘இருக்கேன்’ நல்லா நின்னுது. அத எடுத்து, அதே அளவுக்கு வேகத்தக் கொறச்சி இங்க ஒட்டி, எட்டாவது எண்ணிக்கையில கொழல இழுத்து வெச்சிடறேன். ஒருத்தருக்கும் தெரியாது. காலையில மொத வேல அதான். ஆறு மணிக்கு உக்காருவேன்.”

விதியை மீறுவதுதான். ஆனால் எண்ணிக்கை தப்பிய ஒன்றை என் பெயரில் வெளியிடுவது அதைவிடப் பெரிய மீறலாகப் பட்டது. சரி என்று தலையாட்டினேன்.

வீட்டில் கணவர் ஹெட்போனில் ஒரு முறை கேட்டார். முடிந்த பிறகும் கழற்றவில்லை. “அந்தக் கடைசி எடம்” என்றார். எழுந்துபோய்ப் பதினான்கு பொருளையும் மறுபடி சரிபார்த்தார். நாட்குறிப்பில் நான் எழுதினேன்: மூன்றாவது தடவை, 17 டிகிரி, வேகம் நூற்றுக்கு 1.7 குறைவு, கடைசி ஸ்வரம் 8க்குப் பதில் 19. காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன்; படுக்கப் போகும்போது ‘கேட்டவர் குழலை மறந்தார்’ என்று நிரப்பினேன்.

மறுநாள், ஞாயிறு, 4.50க்கு எழுந்தேன். வெப்பமானியைப் பார்ப்பதற்கு முன், கொப்பளிப்பதற்கு முன், முதலில் வடக்கனந்தலுக்குப் போன் போட்டேன். ஆறு முறை அடித்த பிறகு எடுத்தார்.

“இன்னாக்கா, ஒடம்பு ஏதாவது...”

“தம்பி, அந்த எடத்த வெட்டாத.” குரல் கரகரத்தது, இன்னொரு முறை சொன்னேன். “அப்பிடியே இருக்கட்டும். பத்தொம்போதும்.”