பாதைக்கு வைத்த கைநாட்டு

மதராஸ் சட்டசபைக்குச் சனங்கள் அனுப்புகிற மனுக்களைச் சாயங்காலம் சாக்கில் அள்ளிக் கட்டடத்துக்குப் பின்னால் கழுதைகளுக்குப் போடுகிறார்களாம். பெருமாள்மலை பஸ் டிரைவர் சொன்னார் என்று, கோடைக்கானல் பஜாரில் பூண்டு மண்டி வைத்திருந்த அமானுல்லா என்னிடம் சொன்னார். டிரைவருக்கு வத்தலக்குண்டில் யாரோ சொன்னார்களாம். மண்டி வாசலில் குதிரையின் கயிற்றைப் பிடித்தபடி நின்ற அன்னக்கொடியம்மாளின் காதிலும் அது விழுந்தது.

"கழுதையாச்சும் படிக்குமா பாய்?" என்று கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார். "படிச்சாத் தேவலங்க. தாலுகா ஆபீசுல அதுவும் இல்ல."

மேல்மலையில் மஞ்சக்கோம்பை என்ற ஊரின் தலைவி அவர். கணவர் மலைச்சாமிதான் முதலில் ஊர்த் தலைவராக இருந்தார். அவர் காய்ச்சலில் போன பிறகு அடுத்து யார் என்று ஊர் கூடியது. அப்போது பெரியவர் ஒருவர், "மலைச்சாமி ஒவ்வொரு வழக்கையும் பாதியில நிறுத்திட்டு, தண்ணி குடிக்கிறேன்னு வீட்டுக்குள்ள போவான். வெளிய வந்துதான் தீர்ப்புச் சொல்லுவான். தீர்ப்பு யாருதுன்னு ஊருக்கே தெரியும். இனிமே சுத்தி வளைக்க வேணாம்" என்றார். அப்படித்தான் அந்த இடம் அன்னக்கொடியம்மாளுக்கு வந்தது. ஊருக்காக எதில் கைநாட்டு வைப்பதென்றாலும் அவர் ஒருவர் வைத்தால் போதும். ஊரே வைத்ததாகக் கணக்கு.

அந்த ஆண்டு காட்டுப் பாதைகளைப் பற்றி ஒரு மசோதா சட்டசபைக்கு வந்திருந்தது. பொதிக்குதிரைகள் காட்டுக்குள் போகக்கூடாது என்று அதில் ஒரு பிரிவு. மஞ்சக்கோம்பைக்கு மோட்டார் ரோடு கிடையாது. சோலைக்காட்டின் ஊடாகப் போகும் குதிரைப் பாதை ஒன்றுதான் ஊருக்கும் சந்தைக்கும் நடுவில் இருந்தது. அது அடைபட்டால் பூண்டு வயலிலேயே கிடந்து முளைத்துப் போகும். சபையில் இருக்கும் மசோதாவைப் பற்றிச் சாதாரணக் குடிமகனும் மனுச் செய்யலாம் என்பதை அமானுல்லா பேப்பரில் பார்த்துச் சொன்னார்.

மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் யாழ்ப்பாணத்துக்காரன், மிஷன் துரைமாருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தேன். சர்க்காருக்கு எதிராக எழுதினான் என்று எவராவது துரையின் காதில் போட்டால் அடுத்த கப்பலில் ஊர் திரும்ப வேண்டியதுதான். அந்தப் பயத்தோடேயே எழுதினேன். எழுதியதை வாசிக்கச் சொல்லி அன்னக்கொடியம்மாள் கேட்டார்.

"'தங்கள் அடிமைகளாகிய நாங்கள்' எண்டு தொடங்குது, அம்மா."

"யாரு அடிமை?"

"அது வழக்கம். எழுதாட்டிக் கோபிப்பினம்."

"வாத்தியாரய்யா, நீங்க வேணா அடிமையா இருந்துக்கங்க, ஒங்க சௌகரியம். 'தீர்வை கட்டுற ஊருக்காரவுக'ன்னு எழுதுங்க. மரியாதை கொறையாம எழுதுங்க. ஆனா தலை நிமுந்து இருக்கட்டும்."

அப்படியே மாற்றி எழுதினேன். ஊர் வழக்கப்படி அவர் ஒரு கைநாட்டு வைத்தார். ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்பினோம்.

சபைக் காரியாலயத்திலிருந்து மனு திரும்பி வந்தது. பாஷையில் குற்றமில்லையாம். ஆனால் கைநாட்டு ஒன்றுதான் இருப்பதால் இது ஒரு தனி ஆளின் மனு. ஊரின் மனு என்றால் அவரவர் பெயரெழுதி அவரவர் கைநாட்டு வைக்க வேண்டும். மெம்பர் ஒருவர் மேலொப்பமிட்டுச் சபையில் வைக்க வேண்டும். பிறகுதான் கமிட்டி பார்க்கும்.

சின்ன விஷயம்தானே என்று நினைத்தேன். அன்னக்கொடியம்மாளின் முகம் கறுத்துவிட்டது. மஞ்சக்கோம்பையில் ஆளாளுக்குத் தனித்தனியாகக் கைநாட்டு வைப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். பாகப்பிரிவினைக்கு.

கோயில் முன்னால் ஊர் கூடியபோது நானும் போயிருந்தேன். மைக்கூட்டைப் பார்த்ததும் எல்லாரும் பின்வாங்கினார்கள். மலைச்சாமியின் தம்பி வேலுச்சாமி மட்டும் முன்னால் வந்தார். மேட்டுக்காட்டு நிலத்தில் பங்கு கேட்டு வெகுநாளாக அண்ணியோடு முறைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

"தனிக் கைநாட்டுன்னா பாகம்தானே மதினி? மேட்டுக்காட்டை எழுதிக் குடுங்க, மொத ஆளா வைக்கிறேன்."

"குடுத்துட்டாப் போச்சு கொழுந்தனாரே. அங்க வெளையிற பூண்டை எப்படிச் சந்தைக்குக் கொண்டு போவீக? றெக்கை கட்டியா?"

கூட்டம் சிரித்தது. வேலுச்சாமியும் சிரிப்பை அடக்க மீசையைத் தடவிக்கொண்டார்.

அன்னக்கொடியம்மாள் எழுந்து நின்றார். "மெட்ராஸ்ல இருக்கவுகளுக்கு நம்ம வழக்கம் தெரியாது. ஒரு வாய் பேசினா ஒரு ஆளுதான்னு நெனைக்கிறாக. சரி, அவுக எண்ணிப் பாத்துக்கட்டும். நாம பிரியலேன்னு சாமிக்குத் தெரியணும், அவ்வளவுதான். வைக்கிற ஒவ்வொருத்தரும் வெரலை மையில முக்கறதுக்கு முன்னாடி, 'பாகத்துக்கு இல்ல, பாதைக்கு'ன்னு சத்தமாச் சொல்லிட்டு வைங்க."

வேலுச்சாமி கட்டைவிரலை மையில் முக்கப் போனார்.

"சொல்லிட்டு," என்றார் அண்ணி.

"பாகத்துக்கு இல்ல, பாதைக்கு!" மலையில் மோதித் திரும்பும்படி கத்தினார். அதற்குப் பிறகு வரிசை நிற்கவில்லை. கிழவிகள் வந்தார்கள், புதுசாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் வந்தார்கள். ஒவ்வொரு கைநாட்டுக்குப் பக்கத்திலும் பெயரை எழுதினேன். துரையின் நினைப்பே வரவில்லை. கடைசியாக அன்னக்கொடியம்மாள் வைத்தார்.

வெயிலுக்குக் கோடைக்கானல் வந்து தங்கியிருந்த சட்டசபை மெம்பர் ஒருவரிடம் அமானுல்லா அதைக் கொண்டுபோனார். அவர் தாள்களைப் புரட்டினார்; 'தலை நிமுந்து' எழுதிய இடத்தை இரண்டு தரம் படித்தார்; மேலொப்பமிட்டார். மனு சபையில் வைக்கப்பட்டது, செலக்ட் கமிட்டிக்குப் போனது என்று தகவல் வந்தது. கழுதைக் கதை சொன்ன டிரைவர் அதற்குப் பிறகு அன்னக்கொடியம்மாளைக் கண்டால் ஹாரன் அடிப்பதை நிறுத்தி, இறங்கிக் கும்பிட்டார்.

குதிரைகளைத் தடுக்கும் அந்தப் பிரிவு நிற்குமா நீங்குமா என்று ஓட்டெடுக்கும் நாளில், முடிவு தெரிந்ததும் அமானுல்லாவின் மண்டிக்கு டெலிபோன் செய்வதாக மெம்பர் வாக்குக் கொடுத்திருந்தார். பஜாரில் டெலிபோன் இருந்த ஒரே மண்டி அதுதான். மஞ்சக்கோம்பையே குதிரைகளோடு இறங்கி வந்தது. வேலுச்சாமியும் மற்றவர்களும் குதிரைகளைத் தண்ணீருக்கு ஓட்டிப் போயிருந்தார்கள். மண்டியில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். அப்போது மணி அடித்தது.

"அக்கா, ஒங்களுக்குத்தான்! வெரசா எடுங்க!" என்றார் அமானுல்லா.

அன்னக்கொடியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டெலிபோன் பக்கத்தில் போய் நின்றார். தொடவில்லை.

"இருங்க பாய். ஊரு வரட்டும்."

"மெட்ராஸ்காரர் வச்சிருவாருக்கா!"

"வச்சா மறுபடி அடிக்கட்டும். கைநாட்டை ஒவ்வொண்ணாக் கேட்டாக, குடுத்தோம். பதிலை நாங்க ஒண்ணாத்தான் கேப்போம்."

நானே எடுத்துவிடலாமா என்று ஓரடி முன்வைத்தேன். அவர் பார்த்த பார்வையில் நின்றுவிட்டேன். அன்னக்கொடியம்மாள் வாசலுக்குப் போய், "கொழுந்தனாரே! எல்லாரையும் கூட்டிட்டு வாங்க!" என்று குரல் கொடுத்தார். ஏரிப் பக்கமிருந்து ஆட்களும் குதிரைகளும் மேடேறி ஓடி வரும் சத்தம் கேட்டது. அவர் திரும்பி வந்து பழைய இடத்திலேயே நின்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.