ஸ்விட்சுக்குக் காவல்

எச்சில் தட்டுக் கழுவ எங்கள் வீட்டில் அம்மா ஒரு சட்டம் வைத்திருந்தார். மிஞ்சியதை முதலில் கடைப் பையில் வழித்துப் போடவேண்டும், பிறகுதான் தண்ணீர் படலாம். சிங்க்குக்கு அடியில், எச்சிலை அரைத்துச் சாக்கடைக்குத் தள்ளுகிற மெஷின் இருந்தும் அம்மா அதை நம்பவில்லை. பள்ளிக்கூடத் தோழி வீட்டில் எல்லாவற்றையும் அதற்குள் தள்ளி ஸ்விட்சைப் போடுவதை நான் பார்த்திருந்தேன். ஹூஸ்டனில் இருந்துகொண்டு அம்மாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எட்டு வயதில் எனக்கு வெட்கம்.

நோன்புப் பெருநாள் மதியம். முதல் பந்தி முடிந்தது. பெருநாள் சோற்றைப் பேப்பர் தட்டில் போடக்கூடாது என்பது அம்மாவின் இன்னொரு சட்டம். கழுவினால்தான் அடுத்த பந்திக்குத் தட்டு. உதவுகிறேன் என்று போய், தாளிச்சாவில் கிடந்த முருங்கைக்காய்ச் சக்கை, எலும்பு அத்தனையும் உள்ளே தள்ளி ஸ்விட்சைப் போட்டேன். மெஷின் ஒருதரம் உறுமியது. பிறகு முனகியது. மஞ்சள் தண்ணீர் மேலே ஏறி வந்தது.

“பாய், உங்க பொண்ணு சிங்க்குக்கே பந்தி போட்டுட்டா!” என்று ஓர் அங்கிள் மடக்கு செல்போனில் படம் பிடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அழுதேன்.

அத்தா வந்தார். ஹில்கிராஃப்ட் ரோட்டில் கறிக்கடை வைத்திருந்தார். வெட்டுகிற அந்த வலது கைதான் எங்களுக்குச் சோறு. சிங்க்குக்கு அடியில் இருந்த கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, எழுந்தார். சட்டைக் கையை மடித்தார்.

“இங்க வாம்மா. ஸ்விட்ச் மேல கைய வச்சு மூடிக்க. யாரு வந்தாலும் தொட விடாத. தொட்டா அத்தா வெரலு போச்சு.”

“லைட்டுன்னு நெனச்சு யாராச்சும் போட வந்தா?”

“கடிச்சு வச்சிரு.”

அழுகை நின்றுவிட்டது. இரண்டு கையாலும் ஸ்விட்சை மூடிக்கொண்டேன். தண்ணீர் எடுக்க வந்த ஆன்ட்டியை “டோன்ட் டச்!” என்று விரட்டினேன். அம்மாவையே கிட்டே விடவில்லை. அத்தா நார் நாராக இழுத்துப் போட்டார். கடைசியில் ஓர் எலும்பு வந்தது. ஐந்து விரலையும் விரித்து எல்லாருக்கும் காட்டினார்.

“எம் பொண்ணு இல்லன்னா கடைய மூடியிருக்கணும்.”

அந்த அங்கிள்கூடக் கை தட்டினார். அத்தாவின் கையைக் காப்பாற்றியவள் நான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன். பின்னாளில் நான் படிப்பைப் பாதியில் விட்டு அத்தாவோடு கறிக்கடையில் நின்றபோதும் அந்தக் கர்வம் போகவில்லை.

அத்தா மௌத்தாகி நாற்பதாம் நாள். ஃபாத்திஹாவுக்கு வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபின் அதே சிங்க் அடைத்துக்கொண்டது. அத்தா செய்ததுபோலக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். மெஷினின் வயர் உள்சுவரில் ஒரு பிளக் பாயின்டில் செருகியிருந்தது. உருவினேன். எழுந்து ஸ்விட்சைப் போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். ஒரு முனகல்கூட இல்லை.

அத்தாவும் முதலில் இதைத்தான் உருவியிருக்கிறார். அன்றைக்கு அந்த ஸ்விட்சில் யார் கை பட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

பிளக் உருவியபடியேதான் கிடந்தது. இருந்தும் சிங்க்குக்குள் கை விடும் முன் அம்மாவைக் கூப்பிட்டேன்.

“ஸ்விட்ச கொஞ்சம் மூடிக்கம்மா.”

அம்மா வந்து, உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.