ஒரே தெருவிலிருந்து இரண்டு மனு

எதிர்வீட்டுக்காரி எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவளில்லை. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்து அயனம்பாக்கத்தில் வீடு கட்டிய திருநெல்வேலிக்காரி, அவ்வளவுதான். ஆனாலும் தெருவே அவளை டீச்சர் என்றது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த என்னை "இன்னாமே" என்றது. எனக்கு எரியுமா எரியாதா?

எண்பதுகளின் கடைசியில் ஒரு மனு எழுதினோம். மழை வந்தால் ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வரும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள், நானும்தான். வெள்ளத்தில் பூட்டிய வீட்டுக்குள் பிள்ளை இருந்தால் என்ன கதி? அதனால் பிள்ளைகளுக்குக் காப்பகம் கட்டவும் ஏரிகளைத் தூர்வாரவும் சட்டசபையில் சட்டம் போட்டுப் பணம் ஒதுக்க வேண்டும், எங்கள் எம்.எல்.ஏ. அதை எழுந்து கேட்க வேண்டும் என்று எழுதினோம்.

எழுதியது அவள். வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியது நான். ரேஷன் கடையில் மைப்பெட்டி இரவல் வாங்கி, கைநாட்டு வைத்தவர்களின் விரலைத் துடைத்துவிட்டதும் நான்தான். கரையான்சாவடியில் எம்.எல்.ஏ.வைப் பார்த்தபோது, அவர் அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். நான் மஞ்சள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ரொம்ப நல்லா எழுதிக்கீறீங்க டீச்சர்" என்றார். அவருக்கும் அவள் டீச்சராம். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுவாரம் நானே ஒரு மனு எழுதினேன். அவளுடையதில் காப்பகம் முதலில், ஏரி பிறகு. வித்தியாசம் வேண்டுமே என்று நான் ஏரியை முதலில் போட்டேன். முன்பு போட்ட அதே ஆட்களிடமே மறுபடி கையெழுத்து வாங்கினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தனியாகப் பஸ் ஏறிப் போய்க் கொடுத்தேன்.

எம்.எல்.ஏ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இன்னாமா இது? அதே தெரு, அதே ஆளுங்க. ஒண்ணுல அது மொதல்ல, ஒண்ணுல இது மொதல்ல. சபையில எய்ந்து நான் எத்த கேக்கறது? எதிர்ல கீறவன் சிரிக்கமாட்டானா? ஒண்ணா பேசி முடிவு பண்ணிக்கினு வாங்க."

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். ஊரை இரண்டாக்கியது நான். அந்தக் கூட்டத்தொடர் எங்கள் ஏரியைப் பற்றிப் பேசாமலே முடிந்தது. இரண்டாவது மனுவைப் பற்றி நான் அவளிடம் மூச்சு விடவில்லை.

ஐப்பசியில் ஏரி நிரம்பிவிட்டது என்று கம்பெனிக்குத் தகவல் வந்தது. ஓடி வந்தேன். தெருவில் முழங்கால் தண்ணீர். என் வீட்டுப் பூட்டு உடைந்து கிடந்தது, பிள்ளையைக் காணோம்.

எதிர்வீட்டிலிருந்து அவள் கூப்பிட்டாள். பூட்டை உடைத்தது அவள்தான். உயரமாக அஸ்திவாரம் போட்ட வீடு அவளுடையது. கட்டிலில் தெருப்பிள்ளைகள் ஏழெட்டு, நடுவில் என் மகள் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். என் ஈரப் புடவைக்கு மாற்றாகத் தன் புடவையைக் கொடுத்தாள்.

நான் தலை துவட்டி முடித்ததும், எழுதி வைத்திருந்த ஒரு மனுவை எடுத்து வைத்தாள். "அடுத்த சபைக்குள்ள ஒரே மனுவா குடுத்துருவோம். ஏரியவே முதல்ல போட்டிருக்கேன். நீங்க சொன்னதுதான் சரி. முதல் கையெழுத்து நீங்க போடுங்க."

என் இரண்டாவது மனுவைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். வெட்கப்பட்டேன் என்று சொல்ல ஆசை. ஆனால் அவள் புடவையைக் கட்டிக்கொண்டு, அவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்த அப்போதும் என் வயிறு எரிந்தது. 'நீங்க சொன்னதுதான் சரி' என்று அவளுக்கு முன்னால் சொல்ல எனக்கு ஏன் தோன்றவில்லை என்று.