சித்திரையில் குறித்த பாலம்

எழுபதுகளின் கடைசி. நெடுங்காட்டுப் பக்கம் ஒரு வாய்க்காலுக்குப் பாலம் கட்டிய ஒப்பந்தக்காரரிடம் நான் மேஸ்திரி. பழைய மூங்கில் பாலத்தைப் பிரித்துவிட்டுப் புதியதை எங்கே வைக்கலாம், ஊரைக் கேட்டு வா என்று என்னை அனுப்பினார். நான் போனது சித்திரையில். வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. ஆடும் மாடும் ஆளும் நினைத்த இடத்தில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்போது கேட்டால் என்ன சொல்வார்கள்?

"எங்க வச்சாலும் சரிதாங்க. நெல்லு வண்டி போனா போதும்."

களத்துக்கு நேரே, ஊரைவிட்டு அரை மைல் தள்ளி இடம் குறித்துக் கொடுத்தேன்.

தெருவுக்கு நேரே இருந்த பழைய பாலத்தைப் பிரித்து, புதியதை அங்கே கட்டி முடித்தோம். ஆடியில் தண்ணீர் வந்தது. டீக்கடை, பேப்பர் படிக்கும் கொட்டகை, எந்த மடையை எப்போது திறப்பது என்ற பஞ்சாயத்து, எல்லாம் அக்கரையில். இக்கரைத் தெருவில் இருந்த வயதானவர்களால் அரை மைல் சுற்ற முடியவில்லை. என் மாமனார் வீடும் அந்தத் தெருவில்தான்; நானும் மனைவியும் அப்போது அங்கே தங்கியிருந்தோம். அவருக்கு முழங்கால் வாதம். ஒன்பது நாள் வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளம் வருமுன்ன அணை போடுன்னு சொல்லுவாங்க மாப்ள. நீங்க வெள்ளம் வருமுன்ன பாலத்தைப் பிரிச்சிட்டீங்க."

பத்தாம் நாள் காலை என் மனைவி ஓடிவந்தாள். "அப்பா பனைமரத்துல ஏறிட்டாங்க!"

யாரோ இளவட்டங்கள் வாய்க்காலின் குறுக்கே போட்டிருந்த ஒற்றைப் பனை. நட்டநடுவில் அவர். கைத்தடி தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. மரம் இப்படியும் அப்படியும் உருண்டது.

"மாமா, அப்படியே உக்காருங்க!"

"உக்காந்தா எந்திரிக்க முடியுமா?"

"அப்ப திரும்பி வந்திருங்க!"

"வந்து? மறுபடி அந்தச் சுவத்தைப் பாக்கவா?"

குதித்தேன். நெஞ்சளவு தண்ணீர் இழுத்தது. மரத்தை ஒரு தோளால் முட்டுக்கொடுத்து நின்றேன். அவர் கை என் தலைமேல் வந்து விழுந்தது. ஒரு அடி. இன்னொரு அடி. இரண்டு கரையிலும் ஊரே கூடிவிட்டது. டீக்கடைக்காரர் கையைப் பிடித்து மேலே இழுத்த பிறகுதான் ஊர் மூச்சுவிட்டது.

"மேஸ்திரி, கடைசியில நீங்களே தூணா நின்னுட்டீங்களே!" என்றார் கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

"மத்தியானம் சோத்துக்குப் போவணும். எப்படிப் போறது?"

திரும்பிப் பார்த்தேன். நான் குதித்த கரையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று கிழவர்களும் ஒரு அம்மாளும் வரிசையாக நின்றார்கள்.

"எங்களையும் புடிச்சி உட்ருங்க தம்பி!"

நான் கரையேறவில்லை. இன்னொரு பனையும் இரண்டு மூங்கிலும் கொண்டுவரச் சொல்லித் தண்ணீரில் நின்றே கத்தினேன். சேர்த்துக் கட்டிக் கைப்பிடி வைத்து முடிக்க உச்சி தாண்டிவிட்டது. சோறு ஆறுகிறது என்று என் மனைவி இரண்டு முறை கூப்பிட்டாள். அந்த நாலு பேரும் டீக்கடைப் பக்கம் வந்து உட்காரும்வரை மாமா இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.